புறநகர் மான்களும் வில்வேட்டையும்: வாசகர் கேள்விகள்

இலையுதிர் காலம் தொடங்கியதும் அமெரிக்கப் புறநகர்களில் வாழும் வாசகர்களிடமிருந்து மான் வேட்டை குறித்துக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. சில கடிதங்களில் அச்சமும் சிலவற்றில் சினமும் இருக்கின்றன; ஒன்றிரண்டில் கற்றுக்கொள்ளும் ஆவலும் தெரிகிறது. பல ஆண்டுகளாக வில்வேட்டையில் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில், இந்த இதழில் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் கவுண்டிப் பூங்காவின் காடு இருக்கிறது. அங்கே வில்லாளர்கள் மரத்தில் அமர்ந்து மான் வேட்டையாடுவார்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. குடியிருப்புக்கு நடுவே இதை எப்படி அனுமதிக்கிறார்கள்?
— வாசகி, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, வர்ஜீனியா

பதில்: பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு அருகே ஒருவர் வில்லோடு அமர்ந்திருக்கிறார் என்றால் எந்தத் தாய்க்கும் மனம் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை அற்பமாக எண்ணுகிறவர் வேட்டைக்காரராக இருக்கத் தகுதியற்றவர் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அங்கே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் அச்சம் பெருமளவு குறையும் என்று நம்புகிறேன்.

உங்கள் கவுண்டியில் மான் மேலாண்மைத் திட்டம் 1998இல் தொடங்கியது. வில்வேட்டை அதில் பின்னர் சேர்க்கப்பட்டது. உரிமம் வைத்திருக்கும் எவரும் விரும்பிய நேரத்தில் உள்ளே நுழைந்துவிட முடியாது. குறிபார்த்து எய்யும் தேர்வில் தேர்ச்சி பெற்று, பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டு, ஒதுக்கப்பட்ட பூங்காவில் மட்டுமே அவர்கள் வேட்டையாடலாம். தரையில் நின்று எய்வதற்கு அனுமதி கிடையாது; மரப்பரணில் இருந்துதான் எய்ய வேண்டும். நடைபாதைகளிலிருந்தும் குடியிருப்பு எல்லைகளிலிருந்தும் பரண் குறிப்பிட்ட தொலைவு தள்ளி இருக்க வேண்டும்.

இந்த விதிகளில் உயிர்நாடியாக இருப்பது பரண் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வில்லாளர் தரையிலிருந்து 15 அல்லது 20 அடி உயரத்தில் அமர்ந்திருப்பார். மான் 20, 25 கஜத் தொலைவுக்குள் வந்த பிறகுதான் நாணை இழுப்பார். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு அருகே எய்யும் அம்பு மானை ஊடுருவினாலும் சரி, தவறினாலும் சரி, சில கஜத்துக்குள் மண்ணில்தான் குத்தி நிற்கும். பெரிய ரக வேட்டைத் துப்பாக்கியின் குண்டோ ஒரு மைலுக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. புறநகரில் துப்பாக்கியை விலக்கி வில்லை அனுமதிப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். அதற்காக அம்பு ஆபத்தற்றது என்று சொல்ல வரவில்லை. மேட்டு விளிம்பில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் மானை நோக்கி எய்தால், தவறிய அம்பு 200 கஜத்துக்கு மேலும் பறக்கும். அதனால்தான் அப்படி எய்யக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே கற்பிக்கிறார்கள்.

மாநிலச் சட்டங்களிலும் இதே கணக்கைக் காணலாம். கட்டடங்களிலிருந்து துப்பாக்கிக்கு 150 கஜம் விலகல் வேண்டும் என்று சொல்லும் பென்சில்வேனியா, வில்லுக்கு 50 கஜம் போதும் என்கிறது. நியூயார்க்கில் துப்பாக்கிக்கு 500 அடி, வில்லுக்கு 150 அடி. நியூ ஜெர்சி 2010இல் வில்லுக்கான 450 அடியை 150 அடியாகக் குறைத்தபோது, அந்த நெருக்கத்தில் எய்பவர் உயரத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே விதித்தது. வர்ஜீனியாவில் 1959 முதல் பேணப்படும் பதிவுகளில், மான் வேட்டையாடிய வில்லாளரின் அம்பால் வழிப்போக்கர் எவரும் காயமடைந்ததாக இல்லை என்று உங்கள் கவுண்டி நிர்வாகமே தெரிவித்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. வேட்டைக் காலத்தில் பிள்ளைகள் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடியலிலும் அந்தி வேளையிலும் அந்தப் பக்கம் நடப்பதாக இருந்தால் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள். பாதையை ஒட்டியே பரணைக் கண்டால், பூங்கா நிர்வாகத்துக்குப் புகைப்படத்துடன் தெரியப்படுத்துங்கள். விதிப்படி நடக்கும் வில்லாளர்களே அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

கேள்வி: மான்களின் நிலத்தில் நாம் வீடு கட்டிக் குடியேறிவிட்டு, மான்கள் பெருகிவிட்டன என்று கொல்வது என்ன நியாயம்? இயற்கையே சமன் செய்துகொள்ளாதா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நியாய உணர்வோடு கேட்கப்பட்ட கேள்வி, ஆனால் அதன் அடியில் இருக்கும் வரலாறு சற்று மாறானது. புறநகர் வந்ததால் வெண்வால் மான் இடம் இழக்கவில்லை. உண்மையில் புறநகரைப் போல அதற்கு வாய்த்த இடம் வேறு இல்லை.

ஐரோப்பியக் குடியேற்றத்துக்குப் பிறகு, இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் சந்தைக்கு வேட்டையாடியவர்கள் மான்களை ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். 1900ஆம் ஆண்டு வாக்கில் நாடு முழுவதும் எஞ்சியிருந்தவை சில லட்சம் மட்டுமே. பென்சில்வேனியா 1906இல் மிச்சிகனிலிருந்து மான்களை விலைக்கு வாங்கிக் காடுகளில் விட வேண்டியிருந்தது. மறு ஆண்டே பெண்மானைச் சுடுவதைத் தடைசெய்தது. 1900இல் வந்த லேசி சட்டம் களவாக வேட்டையாடியவற்றை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. பின்னர் வில், அம்புகளும் அந்த வரிக்குள் கொண்டுவரப்பட்டன. இன்று மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். வேட்டைக்காரர்களின் பணமும் கட்டுப்பாடும் சேர்ந்து மீட்டெடுத்த உயிரினம் இது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

இந்த மீட்பு நடந்த காலத்திலேயே கிழக்குப் பகுதிகளில் ஓநாயும் பூமாவும் இல்லாமல் போயிருந்தன. ஓநாயைவிடச் சிறிய, அதன் இனத்தைச் சேர்ந்த கயோட்டிகள் வந்திருக்கின்றன, குட்டிகளைத் தூக்குகின்றன. வளர்ந்த மான்களின் எண்ணிக்கையை அவற்றால் கட்டுக்குள் வைக்க முடிவதில்லை. மறுபுறம், காட்டின் ஓரத்தில் மேய விரும்பும் மானுக்குப் புறநகர் முழுவதுமே காட்டின் ஓரமாகத்தான் தெரிகிறது. ஹோஸ்டா, டியூலிப் போன்ற தோட்டச் செடிகளை நாம் நட்டுவைக்கிறோம், உரமிட்ட புல்வெளியை நாம் பராமரிக்கிறோம், மானைக் கொல்லக்கூடிய எதையும் நாமே உள்ளே விடுவதில்லை.

தீனி நன்றாக இருந்தால் பெண்மான் பெரும்பாலும் ஆண்டுதோறும் இரட்டைக் குட்டி ஈனும். மிச்சிகனில் வேலியிட்ட ஜார்ஜ் ரிசர்வ் என்ற நிலத்தில் 1928இல் விடப்பட்ட 6 மான்கள் ஆறே ஆண்டுகளில் குறைந்தது 160 ஆகப் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெருக்கத்தை இயற்கை ஒருநாள் சமன் செய்யத்தான் செய்யும். ஆனால் பட்டினியாலும் நோயாலும் வாகனச் சக்கரங்களாலும் செய்யும். அதற்குள் காடு போய்விடும்.

காடு போகிறது என்று நான் சொல்வதை நீங்களே நேரில் பார்க்கலாம். மான் மிகுந்த எந்தப் புறநகர்ப் பூங்காவுக்கும் ஜூன் மாதத்தில் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து ஐந்தடி உயரம்வரை பசுமையே இல்லாமல், அதற்கு மேலே மட்டும் இலைகள் தொடங்கும். கத்தரித்து விட்டாற்போல் நேர்கோடாக இருக்கும். மானின் வாய் எட்டும் உயரம் அது. குனிந்து தரையைப் பார்த்தால் ஓக் நாற்றுகள் சுண்டுவிரல் நீளத்தில் நுனி கடிபட்டு நிற்கும். சில இடங்களில் மானுக்குப் பிடிக்காத பன்னமும் ஜப்பானியத் தண்டுப் புல்லும் மட்டுமே படர்ந்திருக்கும். பெரிய மரங்கள் முதிர்ந்து விழும்போது அவற்றின் இடத்துக்கு வர அடுத்த தலைமுறை அங்கே இல்லை. தாழ்ந்த புதர்களில் கூடு கட்டும் பறவைகளுக்கும் இடமில்லை. சதுர மைலுக்கு 20 மான்களுக்கு மேல் போனால் இந்தச் சேதம் தெளிவாகத் தெரியத் தொடங்குவதாகப் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வுகள் காட்டின. பல புறநகர்களில் எண்ணிக்கை அதைப் போலப் பல மடங்கு.

கேள்வி: கொல்லாமல் கருத்தடை செய்யலாமே? அல்லது பிடித்துக்கொண்டுபோய்த் தொலைவான காட்டில் விடலாமே?
— வாசகி, ஸ்டாட்டன் தீவு, நியூயார்க்

பதில்: உங்கள் தீவே இதற்கான பெரிய சோதனைக்களம். அங்கே 2016 முதல் ஆண்மான்களைப் பிடித்து மயக்கி அறுவைசிகிச்சை மூலம் கருத்தடை செய்கிறார்கள். நியூயார்க்கின் ஃபயர் தீவில் 1993 முதல் பல ஆண்டுகள் கருத்தடை ஊசியைப் பெண்மான்களுக்குச் செலுத்தினார்கள். இவற்றால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து மான்கள் எளிதில் வர முடியாத தீவிலும், வேலியிட்ட வளாகத்திலும், பணமும் பொறுமையும் இருந்தால் எண்ணிக்கை மெல்லக் குறைகிறது.

ஆனால் ஒவ்வொரு மானையும் தேடிப் பிடிக்க வேண்டும்; அதற்கு ஆகும் செலவு பெரிது; சிகிச்சை பெற்ற மான் அன்றும் மறுநாளும் அடுத்த பல ஆண்டுகளும் அதே நாற்றுகளைத்தான் மேயும், அதே சாலையைத்தான் கடக்கும். எல்லைகள் திறந்திருக்கும் சாதாரணப் புறநகரில் அக்கம்பக்கத்து மான்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். இடம் மாற்றுவதை நான் அறவே ஆதரிக்கவில்லை. பிடிபடும் அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து பல மான்கள் சில நாட்களில் மாண்டுபோகின்றன; பிழைத்தவை பழக்கமில்லாத நிலத்தில் தடுமாறுகின்றன; நோயையும் கூடவே கொண்டுபோகின்றன. பல மாநிலங்கள் இதை அனுமதிப்பதே இல்லை. பார்வைக்கு இரக்கமாகத் தோன்றும் இந்த வழியில் துன்பம் கண்ணுக்கு மறைவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: துப்பாக்கியாவது உடனே உயிரைப் போக்கும். அம்பு பட்ட மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும் என்கிறார்களே, இது கொடுமை இல்லையா?
— வாசகர், மான்ட்கோமரி கவுண்டி, மேரிலாந்து

பதில்: வந்த கடிதங்களிலேயே மிக முக்கியமான கேள்வி இது. வில்வேட்டையை ஆதரிக்கிற எவரும் இதற்கு நேராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அம்பு தாக்கும் விதமே வேறு. குண்டு அதிர்ச்சியாலும் திசுக்களைச் சிதைப்பதாலும் கொல்கிறது. அம்பின் அகன்ற முனை சவரக்கத்தி போன்ற கூர்மையோடு அறுத்துச் செல்கிறது. இரண்டு நுரையீரல்களையும் கடந்துசென்ற அம்பால் இரத்த அழுத்தம் சில விநாடிகளில் சரிந்துவிடும். அந்த மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள் விழுந்துவிடும்; ஓடத் தொடங்கிய வேகத்திலேயே நினைவிழந்து விழுவதையும் பார்க்கலாம். அம்பு பட்டதையே உணராததுபோல் சில அடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, அப்படியே சரிந்த மான்களும் உண்டு.

ஆனால் எல்லா அம்பும் நுரையீரலைக் கடப்பதில்லை. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை வேட்டையாடிய வில்லாளர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அம்பு பட்ட மான்களில் 18 சதவீதம் கைக்குக் கிடைக்கவில்லை என்று காட்டியது. அவர்கள் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லாளர்கள். கிடைக்காத மான்கள் எல்லாமே செத்துப்போனவை அல்ல, தசையில் மட்டும் காயம்பட்டுத் தேறியவையும் அவற்றில் அடங்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்பது சிறிய எண் அல்ல. வில்வேட்டையில் இழப்பே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த எண்ணைக் குறைப்பது முழுக்க முழுக்க எய்பவர் கையில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். கப்பிகள் பொருத்திய இன்றைய காம்பவுண்ட் வில்லிலிருந்து புறப்படும் அம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 280 அடி. ஒலியின் வேகம் சுமார் 1,100 அடி. 25 கஜத்தில் நிற்கும் மானை நாணின் ஓசை 0.07 விநாடியில் எட்டிவிடும். அம்பு எட்டுவதற்கு 0.27 விநாடி ஆகும். இடைப்பட்ட அந்த நேரத்தில், விழிப்பாக இருக்கும் மான் பாய்ந்து ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்திவிடும். நுரையீரலைக் குறிவைத்த அம்பு முதுகுத் தசையில் பாயும். 40 கஜம் என்றால் நிலைமை இன்னும் மோசம். பயிற்சிப் பலகையில் 60 கஜத்தில் குறி தவறாதவராக இருந்தாலும், உயிருள்ள மானிடம் 25 கஜத்துக்கு மேல் எய்யாதவரைத்தான் நான் வில்லாளர் என்று மதிப்பேன். மான் பக்கவாட்டாகவோ, சற்றே விலகிய கோணத்திலோ நிற்க வேண்டும்; முன்காலைச் சற்று முன்னே நீட்டியிருக்க வேண்டும்; தலையை நிமிர்த்தி நம்மைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாணை மெதுவாகத் தளர்த்திவிடுவதே முறை.

எய்த பிறகு அம்பைத் தேடி எடுத்துப் பார்ப்பது அடுத்த கடமை. சிறு குமிழிகளோடு இளஞ்சிவப்பான இரத்தம் இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து பின்தொடரலாம். கருஞ்சிவப்பாகக் கெட்டியாக இருந்தால் ஈரல். நான்கைந்து மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அம்பில் பச்சையோ பழுப்போ படிந்து, மூக்கருகே கொண்டுபோனால் குடல் நாற்றம் வீசினால், அரை நாளுக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. அடிபட்ட மான் அருகிலேயே படுத்துவிடும், அவசரப்பட்டுப் போய் எழுப்பினால் மைல் கணக்கில் ஓடி எங்கோ மாளும். பல மாநிலங்களில் இரத்தச் சுவடு பிடிக்கும் மோப்ப நாய்களை அனுமதிக்கிறார்கள். பென்சில்வேனியா 2018இல் அனுமதித்தது. அந்த நாய்க்காரரின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் புறநகரில் வேட்டைக்குப் போவதை நான் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

கேள்வி: அம்பு பட்ட மான் எங்கள் தோட்டத்துக்குள் வந்து விழுந்தால், வேட்டைக்காரர் கேட்காமலே உள்ளே வரலாமா?
— வாசகி, மவுண்ட் லெபனான், பென்சில்வேனியா

பதில்: வரக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விவரங்கள் மாறினாலும், பெரும்பாலான இடங்களில் உரிமையாளரின் அனுமதி இன்றி நுழைவது அத்துமீறல்தான். அரை ஏக்கர் மனைகள் நிறைந்த ஊரில் நன்றாக அடிபட்ட மான்கூட இரண்டு மூன்று எல்லைகளைக் கடந்துவிடும் என்பதால், பரண் கட்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள எல்லா வீடுகளிலும் கதவைத் தட்டிப் பேசி வைப்பது வில்லாளரின் கடமை. உங்களிடம் ஒருவர் அப்படி வந்து கேட்டால், வேட்டையில் உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், அடிபட்ட மானை எடுப்பதற்கு மட்டுமாவது அனுமதி கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதால் அந்த மானுக்கு ஒரு நன்மையும் இல்லை.

கேள்வி: வேட்டைக்கு நாங்கள் எதிரானவர்கள். பரணுக்கு அருகே சத்தம் எழுப்பி மான்களை விரட்டலாமா?
— வாசகர், டுலுத், மின்னசோட்டா

பதில்: சட்டப்படி நடக்கும் வேட்டையை வேண்டுமென்றே தடுப்பது 50 மாநிலங்களிலும் குற்றம். உங்கள் ஊரில் 2005 முதல் நகர எல்லைக்குள் வில்வேட்டை நடப்பது நகர மன்றத்தின் ஒப்புதலோடுதான். எதிர்ப்பைச் சொல்ல வேண்டிய இடமும் அந்த மன்றமே. அங்கே போய்ப் பேசுங்கள். எண்ணிக்கைக் கணக்கையும், எத்தனை மான்கள் காயத்தோடு தப்பின என்ற விவரத்தையும் கேளுங்கள். அந்தக் கேள்விகள் எழும் ஊர்களில் திட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றன.

கேள்வி: மான் குறைந்தால் உண்ணி குறைந்து லைம் நோயும் ஒழியும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, ஃபேர்ஃபீல்டு, கனெக்டிகட்

பதில்: பாதி உண்மை. கருங்கால் உண்ணி முதிர்ந்த பருவத்தில் பெரும்பாலும் மானின் உடலில்தான் இரத்தம் குடித்து இனப்பெருக்கம் செய்கிறது. ஆனால் நோய்க்கிருமியை உண்ணி பெறுவது முக்கியமாக வெண்கால் எலியிடமிருந்து. மெய்ன் மாநிலத்தின் மன்ஹீகன் தீவில் 1990களின் இறுதியில் மான்களை முற்றிலுமாக நீக்கியபோது உண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அது தீவு, நீக்கமும் முழுமையானது. சாதாரண வில்வேட்டையால் மான் எண்ணிக்கை ஓரளவு குறைவதால் மட்டுமே நோய் குறையும் என்று உறுதிகூற முடியாது. வேட்டையை ஆதரிக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கும்போது இந்த வாக்குறுதியைக் கொடுப்பது தவறு. மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் தலைமுடி ஓரத்தையும் தடவிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நவம்பரில் எங்கள் சாலையில் மான் மோதும் விபத்துகள் கூடுகின்றன. வேட்டைக்காரர்கள் விரட்டுவதால்தானே?
— வாசகர், ரிச்மண்ட், வர்ஜீனியா

பதில்: முதன்மைக் காரணம் இணைசேரும் பருவம். ஆண்மான்கள் பெண்மான்களைத் துரத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் சாலையைக் கடக்கும் மாதம் அது. கூடவே, நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவதால், அலுவலகம் விட்டு வரும் நேரமும் அந்தி நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பரணில் அசையாமல் அமர்ந்திருக்கும் வில்லாளர் மானை விரட்டுவதில்லை. ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே எண்ணி வேகத்தைக் குறையுங்கள். மோதல் தவிர்க்க முடியாதபோது பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். மரத்திலோ எதிரே வரும் வாகனத்திலோ மோதுவதுதான் உயிரைப் பறிக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 35, மென்பொருள் துறையில் வேலை. பிட்ஸ்பர்க் பூங்காக்களில் நடக்கும் வில்வேட்டையில் சேர விரும்புகிறேன். பெரிய கொம்புள்ள மானை வீழ்த்த வேண்டும் என்பது என் ஆசை. எங்கே தொடங்குவது?
— வாசகர், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: ஆசையை மாற்றிக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள். ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணையும். பத்து ஆண்மான்களை நீக்கினாலும் அடுத்த வசந்தத்தில் குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. ஒரு பெண்மானை எடுத்தால் அதோடு அது ஈனவிருந்த குட்டிகளும் இல்லாமல் போகும். பெண்மான்கள் பொதுவாகத் தாய் வாழ்ந்த இடத்தை ஒட்டியே வாழ்வதால், ஒரு பூங்காவில் அவற்றைக் குறைத்தால் அந்தப் பூங்காவிலேயே பலன் தெரியும். இதனால்தான் வர்ஜீனியாவின் நகர்ப்புற வில்வேட்டைப் பருவத்தில் கொம்பில்லாத மான்களை மட்டுமே எடுக்கலாம்; வேறு சில இடங்களில் ஒரு பெண்மானை எடுத்த பிறகே ஆண்மானை எடுக்கும் உரிமை கிடைக்கும். உங்கள் நகரம் 2023இல் இத்திட்டத்தைத் தொடங்கியபோது, வில்லாளர் எடுக்கும் முதல் கொம்பில்லா மானைப் பசித்தோருக்கான உணவு வங்கிக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் வைத்தது. நல்ல விதி. கொம்புக்காக மட்டும் வில்லெடுக்கிறவர் பெரிய காடுகளுக்குப் போகட்டும். புறநகரில் அவர் பரணை நிறைத்துக்கொண்டு, வேலை செய்யக்கூடிய ஒருவரின் இடத்தை அடைத்துக்கொள்கிறார்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் பெறுங்கள். உங்கள் மாநிலத்தில் கட்டாயமில்லை என்றாலும் வில்வேட்டைக்கான தனி வகுப்பிலும் சேருங்கள். நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் போன்ற மாநிலங்களில் அது கட்டாயம். வில்லைக் கடையில் நேரில் அளந்து வாங்குங்கள். உங்கள் கைநீளத்துக்கு நாணின் இழுவை நீளம் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த வில்லும் பயன்படாது. காம்பவுண்ட் வில்லில் முழுவதுமாக இழுத்த பிறகு கப்பிகள் பெரும்பகுதிச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். 60 பவுண்டு வில்லை 12 பவுண்டு விசையோடு பிடித்து நிற்க முடியும். அதனால் பலரும் தேவைக்கு மேல் வலுவான வில்லை வாங்கி, குளிரில் விறைத்த தோளோடு இழுக்க முடியாமல் தவிக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்தபடி, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக இழுக்க முடிகிற எடையே உங்களுக்கு உரியது. பயிற்சியையும் மாடியிலிருந்தோ மேட்டிலிருந்தோ கீழ்நோக்கிச் செய்யுங்கள், பரணில் அணியப்போகும் அதே கனத்த உடையோடு செய்யுங்கள்.

பரண் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வில்லாளர்களை முடமாக்குவது அம்பு அல்ல, விழுகைதான். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிணைக்கும் முழு உடல் கச்சையை அணியாமல் ஒருபோதும் ஏறாதீர்கள். மேலே போய் அமர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள்தான் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறார்கள். தரையில் கால் இருக்கும்போதே, மரத்தின் மேலே கட்டித் தொங்கவிட்ட உயிர்க்கயிற்றோடு கச்சையை இணைத்துவிட்டு ஏற வேண்டும். அந்தக் கயிற்றில் இருக்கும் முடிச்சை ஒவ்வொரு அடி ஏறும்போதும் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. அம்புகளை மூடிய கூட்டில் வைத்து, மேலே அமர்ந்த பிறகு கயிற்றால் மெதுவாகத் தூக்க வேண்டும். விழுந்து கச்சையில் தொங்க நேர்ந்தால், கால்களுக்கு இரத்தம் ஓட ஊன்றிக்கொள்ள ஒரு பட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

ஒரு பருவம் முழுவதும் நாணை இழுக்காமலே இறங்க நேர்ந்தாலும் மனம் தளராதீர்கள். வில்வேட்டையால் மட்டுமே எல்லா ஊரிலும் மான் எண்ணிக்கை குறைந்துவிடுவதும் இல்லை. நுழைய அனுமதியில்லாத தனியார் நிலங்கள் நடுவே இருந்தால் மான்கள் அங்கே போய் அடைக்கலம் புகுந்துவிடும். நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் போன்ற ஊர் 2001 முதல் சம்பளம் கொடுத்துக் குறிவல்லுநர்களை வரவழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தாம் வேட்டையாடிய மான் இறைச்சியைக் கொடுத்தார். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சமைக்கலாமா? நோய் ஏதும் வருமா?
— வாசகி, மேடிசன், விஸ்கான்சின்

பதில்: அன்போடு கொடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், காட்டு மானின் இறைச்சியை விற்பதுதான் சட்டத்துக்குப் புறம்பானது. கொழுப்பு மிகக் குறைந்த இறைச்சி அது. துப்பாக்கியால் சுட்ட மானில் ஈயத் துகள்கள் காயத்திலிருந்து வெகுதொலைவுவரை சிதறிக்கிடக்க வாய்ப்புண்டு. அம்பால் எடுத்த மானில் அந்தக் கவலை இல்லை என்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு நன்மை.

ஆனால் நீங்கள் இருக்கும் மாநிலத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். மான்களின் மூளையை அரிக்கும் நாட்பட்ட நலிவு நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட அந்த நோய் இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பிரியான் என்ற பிறழ்ந்த புரதத்தால் வரும் நோய் அது; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. மனிதருக்கு அது தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. இருந்தாலும், நோய் உள்ள பகுதிகளில் மானைச் சோதித்துப் பார்த்த பிறகே உண்ணுங்கள், நோய் இருப்பது தெரிந்தால் உண்ணாதீர்கள் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. பார்வைக்கு நல்ல கொழுத்த மானாக இருந்தாலும் நோய் இருக்கக்கூடும். அதனால் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எனவே அண்டைவீட்டாரிடம் மூன்று விஷயங்களைத் தயங்காமல் கேளுங்கள்: மானைச் சோதனைக்கு அனுப்பினாரா, எய்த பிறகு எவ்வளவு நேரத்தில் கண்டெடுத்துக் குளிரவைத்தார், மூளையும் முதுகுத்தண்டும் படாமல் எலும்பு நீக்கினாரா என்று. பொறுப்பான வேட்டைக்காரர் இந்தக் கேள்விகளால் வருத்தப்பட மாட்டார். சோதனை முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வையுங்கள். பொட்டலத்தின் மேல் மானின் அடையாள எண்ணையும் எடுத்த தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கொத்திய இறைச்சியாக இருந்தால் உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டும்வரை வேகவையுங்கள்.